ஆசிரியர் பேச்சு பதினைந்து விழுக்காடு

முப்பத்தொரு வருஷமாக நான் வாயால்தான் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்பதை என் ஐம்பத்தெட்டாவது வயதில் எடுத்துச் சொன்னார்கள். குளிர்சாதன அறையில் உட்காரவைத்து, கழுத்தில் அட்டை மாட்டி, டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்துச் சொன்னார்கள். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை.

எங்கள் பல்கலைக்கழகத்தில் 'பல்லூடகக் கற்பித்தல் மையம்' என்று ஒன்று புதிதாக முளைத்திருந்தது. அதற்கு முன் அந்த அறையில் பழைய வினாத்தாள் கட்டுகள் கிடந்தன. கட்டுகளை மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிட்டு, சுவருக்கு ஊதா அடித்து, மூட்டை மாதிரி மெத்து மெத்தென்று இருக்கைகள் வாங்கிப் போட்டார்கள். அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். மூட்டுவலிக்கார ஆசிரியர்கள் ஒருவரையொருவர் இழுத்து நிறுத்தியதுதான் அங்கே நடந்த முதல் குழுச் செயல்பாடு. அதைப் படம் பிடித்து 'ஆசிரியர்களிடையே ஒத்துழைப்பு' என்று ஆண்டறிக்கையில் போட்டுக்கொண்டார்கள்.

மைய இயக்குநர் தொடக்க உரை ஆற்றினார். "இருபது வருஷமா நான் வகுப்பறைக்குள்ள காலே வச்சதில்லைங்க. அதனாலதான் வகுப்பறையப் பத்தி எனக்கு ஒரு தெளிவான பார்வை இருக்கு," என்றார். கைதட்டினோம். "இனிமே வாத்தியார் பேசக் கூடாது, திரை பேசும். மாணவன் பார்ப்பான். பார்த்தாத்தான் புரியும். பார்க்காதவன் மாணவனே இல்ல."

அதற்கும் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். மறைப்பானேன்?

மற்றபடி நான் இதையெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருப்பேன். எத்தனையோ சுற்றறிக்கைகளைப் பார்த்த கட்டை இது. ஆனால் இறுதியாண்டு வகுப்பில் முன் பெஞ்சு ஓரத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கண் தெரியாது.

வகுப்பில் எல்லோரும் அவளை 'ஆபரேட்டர் அக்கா' என்பார்கள். வயது இருபத்தெட்டு. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள். மூன்று வருஷம் விடுப்பு வாங்கிக்கொண்டு கணக்குப் படிக்க வந்திருந்தாள். ஏன் கணக்கு என்று சேர்ந்த அன்றே கேட்டேன்.

"நான் படிச்சது கண்ணு தெரியாதவங்க பள்ளிக்கூடம் சார். அங்க எட்டாவதோட கணக்க நிறுத்திடுவாங்க. சொல்லிக் குடுக்க ஆள் இல்லன்னு சொல்லுவாங்க. பன்னண்டாவது வரைக்கும் நானே தனியாப் படிச்சு எழுதினேன். இந்தப் பட்டத்த வாங்கிட்டா நானே போய்ச் சொல்லிக் குடுப்பேன்ல?"

"நான் போர்டுல எழுதுறது உனக்கு எப்படிம்மா..."

"எழுதுறத வாயால சொல்லிக்கிட்டே எழுதுங்க சார். மத்தத நான் பாத்துக்கிறேன்." வகுப்பு கொல்லென்று சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் அவள்தான்.

அன்றிலிருந்து எனக்கு அது பழக்கமாகிவிட்டது. "கீழ இருந்து ஒரு வளைவு கிளம்புது. மேல ஏறுது, ஏறுது, உச்சியில ஒரு நொடி நிக்குது, இப்ப வலது பக்கமா இறங்குது" என்று சொல்லிக்கொண்டே வரைவேன். அவள் மடியில் ஒரு தெர்மாகோல் அட்டை இருக்கும். நான் சொல்லச் சொல்ல அதில் குண்டூசி குத்தி, ஊசிக்கு ஊசி நூல் கட்டுவாள். என் வளைவு அவள் மடியில் நூலாக வந்துவிடும். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சார், மேல ஏறும்போது ஒரு மைனஸ விட்டுட்டீங்க" என்பாள். திரும்பிப் பார்த்தால் விட்டிருப்பேன். அறுபது ஜோடிக் கண்கள் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தன, ஒருவருக்கும் தெரியவில்லை.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. மூன்றாம் வருஷம் வகுப்புகளில் கேமரா மாட்டினார்கள்.

அதற்குப் பெயர் கவன அளவி. போர்டுக்கு மேலே ஒரு கேமரா, ஆசிரியரைப் படம் பிடிக்கப் பின்சுவரில் இன்னொன்று, போர்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரை. மாணவர்களின் கண் முன்னால் நோக்கியிருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. வரலாற்று வாத்தியாரின் வகுப்பில் பையன்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகியவர்கள். அங்கே தொண்ணூற்றாறு விழுக்காடு. என் வகுப்பிலும் நன்றாகத்தான் வந்தது, ஒரே ஒரு கட்டத்தைத் தவிர. முன் பெஞ்சு ஓரம், கவனம் பூஜ்யம். கவனம் நாற்பதுக்குக் கீழே போனால் அன்றைக்கு வருகை கிடையாது. எழுபத்தைந்து விழுக்காடு வருகை இல்லாவிட்டால் பரீட்சை கிடையாது.

இயக்குநரைப் போய்ப் பார்த்தேன்.

"அந்தப் பொண்ணுக்குக் கண்ணு தெரியாது சார்."

"அது அவங்க தனிப்பட்ட விஷயம். நாங்க அதுல தலையிடுறதில்ல."

"கவனம் பூஜ்யம்னு காட்டுது சார். வகுப்புலயே அதிகம் கவனிக்கிற பொண்ணு அவதான்."

"கருவி ஆள் பார்த்து வேல செய்யாது சார். கண்ணு தெரிஞ்சவங்க, தெரியாதவங்கன்னு அதுக்குப் பாகுபாடே கிடையாது. அதான் அதோட அழகு." பெருமையாக நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "விலக்கு இருக்கு. இல்லேன்னு சொல்லல. மாணவரே இணையத்துல விண்ணப்பம் போடலாம். இல்லேன்னா மூன்றாம் நிலைப் பயிற்சி முடிச்ச ஆசிரியர் விலக்கு குடுக்கலாம். நீங்க எந்த நிலை?"

"நான் இப்போதைக்கு டீ குடிச்ச நிலையில இருக்கேன் சார்."

அவர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

ஆபரேட்டர் அன்றைக்கே விண்ணப்பம் போட்டாள். அவள் போனே வாய்விட்டுப் படித்துக் காட்டும். பெயர், முகவரி எல்லாம் மளமளவென்று நிரப்பினாள். கடைசிப் பக்கத்தில், தான் ஒரு இயந்திரம் இல்லை என்று அவள் நிரூபிக்க வேண்டியிருந்தது. ஒன்பது படங்களில் சைக்கிள் உள்ள படங்களை மட்டும் தொட வேண்டும். நான் குனிந்து சொல்லப்போனேன். இன்னொரு முகம் தெரிகிறது என்று விண்ணப்பம் மூடிக்கொண்டது. அவளாக மூன்று முறை குத்துமதிப்பாகத் தொட்டுப் பார்த்தாள். மூன்றாவது முறை, அவள் இயந்திரம்தான் என்று முடிவுகட்டி ஒரு பருவத்துக்கு அவளுடைய இணையக் கணக்கைப் பூட்டிவிட்டது.

எனக்கு ரத்தம் கொதித்தது. அவளோ விழுந்து விழுந்து சிரித்தாள். "எக்ஸ்சேஞ்சுல ஆறு வருஷமா ஜனங்க என்ன மெஷினுன்னு நெனச்சுதான் சார் திட்டுவாங்க. இப்பத்தான் எழுத்துல குடுத்திருக்காங்க."

"நீ கவலைப்படாதம்மா. நான் மூணாம் நிலை முடிச்சு உனக்கு விலக்கு வாங்கித் தர்றேன். இது என் பொறுப்பு," என்றேன். கேட்டுக்கொள்ளுங்கள், நான்தான் சொன்னேன்.

முதல் நிலை எளிது. பாடத்தைத் திரையில் போட வேண்டும், அவ்வளவுதான். எனக்குப் பயிற்சி தந்தவர் என் வயதில் பாதிகூட இருக்கமாட்டார், தங்கமான பிள்ளை. அவர் உதவியால் என் சமன்பாட்டின் தலை வலப்பக்கமிருந்து பறந்து வந்தது, வால் இடப்பக்கமிருந்து தவழ்ந்து வந்தது. இரண்டும் நடுவில் சந்தித்ததும் பலமான கைதட்டல் சத்தம். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு சமன்பாட்டுக்கு யாரும் கைதட்டி நான் கேட்டதில்லை. ஆபரேட்டர் திடுக்கிட்டு, "யார் சார் வந்திருக்காங்க?" என்று கேட்டாள். திரையில் வருவதை நான் வாயால் சொல்லிவிட்டேன், வண்டி ஓடியது.

இரண்டாம் நிலையில் என் வாய்க்கு அளவு வைத்தார்கள்.

ஆசிரியர் பேச்சு பதினைந்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஐம்பது நிமிஷ வகுப்பில் ஏழரை நிமிஷம். சட்டைக் காலரில் ஒரு மைக்கைக் குத்திவிட்டார்கள். அளவு முடிந்ததும் மையம் அங்கீகரித்த 'கற்றல் இசை' தானாக ஒலிக்கத் தொடங்கிவிடும். குழாயில் தண்ணீர் சொட்டுகிற மாதிரி ஒரு பியானோ. எல்லா வகுப்புக்கும் அதே இசைதான், வேதியியலுக்கும் அதே, சட்டத்துக்கும் அதே.

"ஏழரை நிமிஷத்துல என்னப்பா சொல்றது?" என்று பயிற்சியாளரிடம் கேட்டேன்.

"வணக்கம் சொல்லலாம் சார். முடிக்கும்போது நன்றி சொல்லலாம். நடுவுல ஊக்கமா ரெண்டு வார்த்த. பாடத்தத்தான் திரை பாத்துக்குதே."

நான் வணக்கத்தையும் நன்றியையும் விட்டேன். இருமலை அடக்கினேன். ஏழரை நிமிஷத்தையும் அவளுக்கென்று சேர்த்து வைத்துத் தந்தி அடிப்பதுபோலப் பேசினேன். "வளைவு, மேல, உச்சி, வலது, இறக்கம்." ஊசி குத்த அவளுக்கு நேரம் போதவில்லை. "சார், உச்சியில நின்னுச்சா, நிக்காமப் போயிடுச்சா?" என்று கேட்பாள். அதற்குள் இசை தொடங்கியிருக்கும். நான் அவள் எதிரில் வாயை மூடிக்கொண்டு நிற்பேன். பக்கத்து இருக்கைப் பையன் அவள் காதில் கிசுகிசுத்துப் பார்த்தான். பாவம், திரும்பிப் பேசியதில் அவனுக்குக் கவனம் முப்பதாகி, இரண்டு நாள் வருகை போனது. அவன் அம்மா வந்து அழுதுவிட்டுப் போனார். அதோடு கிசுகிசுப்பும் நின்றது.

வீட்டிலும் என் பேச்சு குறைந்துபோயிற்று. "என்னங்க, ஏழரை நிமிஷத்தையும் காலேஜுலயே தீர்த்துட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டாள் என் மனைவி. முதலில் கேலியாகத்தான் கேட்டாள். போகப் போகக் கேட்பதை விட்டுவிட்டாள்.

மூன்றாம் நிலை, மௌன வகுப்பு. முப்பது நிமிஷம் ஆசிரியர் ஒரு வார்த்தை பேசக் கூடாது. திரையில் ஒரு சிவப்புக் கட்டம்கூட வரக் கூடாது. திங்கட்கிழமைதோறும் தேர்வு. அது வரைக்கும் வாரம் முழுவதும் அதே மாதிரி ஒத்திகை வகுப்பு நடத்த வேண்டும்.

நான் பயிற்சியாளரைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், அவங்க நல்லதுக்குத்தானே இதெல்லாம்? தேர்வு முடியிற வரைக்கும் மட்டும் அவங்க கேமரால விழாத எடத்துல உக்காரட்டுமே," என்றார்.

வகுப்புக்குள் கேமராவில் விழாத இடம் கிடையாது. அதற்காகத்தானே மாட்டினார்கள். வராந்தாவில்தான் இடம் இருந்தது.

அவளிடம் அதைப் பயிற்சியாளர் சொல்லவில்லை, இயக்குநர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். "ஒரு வாரம்தாம்மா. திங்கக்கிழமை தேர்வு முடிஞ்சதும் உனக்கு விலக்கு நானே போட்டுடுவேன். நீ வெளியில இருந்தே கேட்டுக்கலாம்."

கேட்பதற்கு உள்ளே என்ன இருக்கப்போகிறது என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "நீங்க சொன்னா சரி சார்," என்று குண்டூசி டப்பாவையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். தீயணைக்கும் சிவப்பு உருளைக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டேன். கதவைச் சாத்தினேன்.

முதல் திங்கட்கிழமை ஒரு பையன் தும்மித் தொலைத்தான். தும்மும்போது கண் மூடுமே, சிவப்பு. இரண்டாம் திங்கட்கிழமை ஒரு பெண் சமன்பாட்டைப் பார்த்து யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். யோசிக்கும்போது கண் கூரைக்குப் போய்விட்டது, சிவப்பு. "யோசிக்கிறதெல்லாம் வீட்ல வச்சுக்கச் சொல்லுங்க சார்," என்று இயக்குநர் கோபித்துக்கொண்டார். மூன்றாம் திங்கட்கிழமை மின்சாரம் போயிற்று.

ஒவ்வொரு நாளும் வகுப்பு முடிந்து கதவைத் திறப்பேன். அவள் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, விரலில் ஒரு குண்டூசியைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். அட்டையில் ஒன்றும் இருக்காது. "நாளைக்குச் சரியாயிடும்மா" என்பேன். "சரி சார்" என்பாள்.

நான்காம் திங்கட்கிழமை அறுபது கட்டமும் பச்சை. முப்பது நிமிஷமும் பச்சை. இயக்குநர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கழுத்து அட்டையைக் கழற்றிவிட்டுப் பொன்னிற அட்டை மாட்டினார். நான் சின்னப்பிள்ளை மாதிரி வராந்தாவுக்கு ஓடினேன்.

"முடிஞ்சுதும்மா! விலக்கு போட்டுடலாம், வா உள்ள!"

"சந்தோஷம் சார்," என்றாள். எழுந்திருக்கவில்லை. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். விலக்கு, குடுக்கிற நாள்ல இருந்துதான் சார் செல்லும். போனதெல்லாம் போனதுதான். வீட்டுல எங்க அக்கா விதிமுறையப் படிச்சுக் காட்டினா."

நான் நின்றுவிட்டேன்.

"கேமரா மாட்டின நாள்ல இருந்து எனக்கு வருகையே இல்லையே சார். மீதி நாள் முழுக்க வந்தாலும் எழுபத்தஞ்சுக்கு எட்டாது. நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். உங்ககிட்ட படிச்சவதானே."

முப்பத்தொரு வருஷம் கணக்கு வாத்தியார் நான். இந்த ஒரு கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போட்டிருக்கும்.

"அடுத்த வருஷம் திரும்பச் சேர்ந்துடும்மா. நான் இருக்கேன்."

"விடுப்பு முடியுது சார். இந்த மாசம் போகலன்னா எக்ஸ்சேஞ்சுல வேற ஆள் போட்டுடுவாங்க. காலைலயே மாற்றுச் சான்றிதழ் வாங்கிட்டேன்." கொஞ்ச நேரம் அந்தக் காலி அட்டையை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு எட்டாவதோடதான் போல. பரவால்ல சார், நீங்க அழாதீங்க."

நான் அழுததில் சத்தமே வரவில்லை. அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

"நீங்க எனக்காகத்தான் இதெல்லாம் பண்ணீங்கன்னு தெரியும் சார். ஆனா நீங்க பேச்ச நிறுத்தினதுல இருந்து எனக்கு அங்க போர்டே இல்ல."

குண்டூசி டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, சுவரைத் தொட்டபடி படி இறங்கிப் போனாள். எத்தனை படி என்று அவளுக்குத் தெரியும். கூடப் போய் வாசல்வரை விட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது, அவள் கடைசிப் படியும் இறங்கிய பிறகு.

மறுநாள் வகுப்புக்குப் போனேன். திரையைப் போடவில்லை. சாக்பீஸை எடுத்து போர்டின் கீழ் மூலையில் வைத்து, வாயைத் திறந்தேன். "கீழ இருந்து ஒரு வளைவு கிளம்புது." முன் பெஞ்சு ஓரம் காலியாக இருந்தது. அதற்கு மேல் எனக்குக் கை நகரவில்லை, வாயும் வரவில்லை. போர்டைப் பார்த்தபடி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். வயசான மனுஷன் பிள்ளைகள் முன்னால் தோள் குலுங்க நிற்பது நன்றாகவா இருக்கும்? ஒருத்தரும் இருமவில்லை, ஒருத்தரும் அசையவில்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

சின்னத் திரையில் நூறு விழுக்காடு என்று வந்ததாம். பல்கலைக்கழக வரலாற்றில் முதல் முறையாம். சாயங்காலமே இயக்குநரிடமிருந்து பாராட்டுக் கடிதம் வந்துவிட்டது.

போன வாரம் புதிய ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தது. கேமராவில் பதிவாகியிருந்த அந்த மூன்று நிமிஷப் படத்தை மாதிரி வகுப்பாகப் போட்டுக் காட்டினார்கள். நான் சிறப்பு விருந்தினன். மூட்டை இருக்கையில் புதைந்து கிடந்தேன்.

"ஒரே ஒரு வாக்கியம். அதுக்கப்புறம் ஒரு வார்த்த இல்ல, ஒரு படம் இல்ல. ஆனா நூறு!" என்றார் இயக்குநர். "இத எப்படி சாதிச்சாரு, பாருங்க. முதுகு!"

எல்லோரும் 'முதுகு' என்று எழுதிக்கொண்டார்கள். ஒருவர் எழுந்து, திரும்பாமல் எத்தனை நிமிஷம் நிற்க வேண்டும் என்று கேட்டார். தோள் அசைவைப் பயிற்சியால் கொண்டுவர முடியுமா என்று இன்னொருவர் கேட்டார். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் மட்டும், "முன்னாடி ஓரத்துல ஒரு எடம் ஏன் சார் காலியா இருக்கு?" என்றார்.

"நல்லா கவனிச்சீங்க," என்றார் இயக்குநர். "பாக்க அசிங்கமாத்தான் இருக்கு." பயிற்சியாளர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு படத்தின் ஓரத்தை வெட்டிவிட்டார்.

நான் எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் நிலை முடித்தவன் அல்லவா?

இடைவேளையில் வரலாற்று வாத்தியார் கையைப் பிடித்து இழுக்க, எழுந்து வெளியே வந்தேன். வராந்தாவில் நின்று அந்த ஆஸ்பத்திரி எண்ணைப் போட்டேன்.

"வணக்கம், ஆஸ்பத்திரி. எந்தப் பிரிவுக்குக் குடுக்கணும்?"

அவள்தான். என்ன சொல்வது? மன்னிச்சுக்கோம்மா என்பதா, நல்லா இருக்கியா என்பதா?

"ஹலோ, சொல்லுங்க. எந்தப் பிரிவு?"

உள்ளே இடைவேளை முடிந்துவிட்டது. எல்லோரையும் கூப்பிட அந்தச் சொட்டு இசையைப் போட்டார்கள். கதவு திறந்துதான் இருந்தது. மறுமுனையில் அவள் சட்டென்று பேச்சை நிறுத்தினாள்.

"சாரா?"

நான் தலையை ஆட்டினேன்.

"சார், நீங்கதானே? பேசுங்க சார்."

ஆட்டினேன். வேகமாக ஆட்டினேன்.

அவள் காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பின்னால் வேறொரு மணி அடிக்கும் சத்தம் கேட்டது.

"இன்னொரு கால் வருது சார். வைக்கிறேன்," என்றாள்.

லைன் போன பிறகும் நான் தலையை ஆட்டிக்கொண்டே நின்றிருந்தேன்.